இடுப்பில் ஒரு சிறு துளை

கரும்பைத் தரையோடு தரையாக வெட்ட வேண்டும். சர்க்கரைச் சத்து அடிக்கணுக்களில்தான் அதிகம். நாலு விரல் உயரம் விட்டு வெட்டினால் ஆலைக்கும் நட்டம், பயிரிட்டவருக்கும் நட்டம். அடுத்த மறுதாம்பும் சீராகத் துளிர்க்காது. அதனால் வெட்டாள் இடது கையால் கழியைப் பற்றிக்கொண்டு, இடுப்பிலிருந்து அப்படியே மடங்கி, வலது கை அரிவாளை மண்ணை ஒட்டி வீசுகிறார். நிமிர்ந்து சோகையை உரித்து, கொண்டையைச் சீவிப் போட்டுவிட்டு மறுபடி மடங்குகிறார். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவு சர்க்கரை ஆலைகளில் அரவை தொடங்கிவிட்டால், கள்ளக்குறிச்சி வட்டாரக் கரும்புக் காடுகளில் விடியற்காலை முதல் இதுதான் வேலை. வெட்டி முடித்ததும் கட்டு கட்டித் தலையில் தூக்கி, சாய்த்து வைத்த பலகைமேல் ஏறி லாரியில் அடுக்க வேண்டும். கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைப் பக்கம் போனால் கரும்புக்குப் பதில் மரவள்ளி. செடியின் தண்டைப் பிடித்துக் குனிந்து, உடம்பை ஒரு பக்கம் திருகி இழுத்தால்தான் கிழங்கு மண்ணை விட்டு வரும்.

இந்தக் குனிதல் இடுப்புக்குள் என்ன செய்கிறது என்பதை ஜெர்மனியின் உல்ம் நகர ஆய்வாளர் ஹான்ஸ் யோக்கிம் வில்கேயும் குழுவினரும் நேரடியாகவே அளந்தார்கள். ஒரு தன்னார்வலரின் இடுப்பு டிஸ்க்குக்குள் அழுத்தமானியைச் செருகி, அவரை நிற்க, நடக்க, பாரம் தூக்க வைத்துப் பார்த்து, 1999-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சும்மா நிற்கும்போது அழுத்தம் 0.5 மெகாபாஸ்கல். முதுகை வளைத்து 20 கிலோவைத் தூக்கியபோது அது 2.3-ஆக எகிறியது, நான்கரை மடங்குக்கும் மேல். அதே பாரத்தை முழங்காலை மடக்கி உட்கார்ந்து தூக்கியபோது 1.7. ஆய்வுக்கு உட்பட்டவர் ஒரே ஒருவர்தான் என்றாலும் இந்த எண்கள் இன்றுவரை உலகெங்கும் எடுத்தாளப்படுகின்றன. ஒரு கட்டுக் கரும்பு 20 கிலோவோடு நிற்பதில்லை என்பது தூக்கியவர்களுக்குத் தெரியும்.

முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்கை நம் பக்கத்தில் ஜவ்வு என்கிறார்கள். நடுவில் இளம் நுங்கு போலக் கொழகொழப்பான உட்கரு. அதைச் சுற்றி அடுக்கடுக்காக நார் வளையம். மேலும் கீழும் எலும்போடு ஒட்டும் மெல்லிய குருத்தெலும்புத் தகடு. வளர்ந்த மனிதரின் டிஸ்க்கின் உள்ளே ரத்தக்குழாய் கிடையாது. எலும்பிலிருந்து அந்தத் தகடு வழியாகக் கசிந்து வருவதுதான் அதற்குச் சாப்பாடு. பீடியும் சிகரெட்டும் அந்தக் கசிவைக் கெடுக்கின்றன. புகைப்பவர்களுக்கு டிஸ்க் சீக்கிரம் தேய்வதற்கும் அறுவைக்குப் பின் காயம் ஆறச் சுணங்குவதற்கும் இது ஒரு காரணம்.

டிஸ்க் பிதுங்குவது என்றால் நார் வளையம் கிழிந்து உட்கரு வெளியே தள்ளுவது என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எஸ். ராஜசேகரனும் குழுவினரும் டிஸ்க் பிதுங்கிய 181 பேரை ஸ்கேன் எடுத்தும், அறுவையின்போது நேரில் பார்த்தும் ஆராய்ந்தார்கள். அவர்களில் 65 சதவீதத்தினருக்கு வளையம் நடுவில் கிழியவில்லை. வளையமும் தகடும் எலும்பும் சேரும் விளிம்புதான் பெயர்ந்திருந்தது. சர்வதேச இடுப்பு முதுகெலும்பு ஆய்வுச் சங்கத்தின் 2013-ஆம் ஆண்டுப் பரிசு இந்த ஆய்வுக்குக் கிடைத்தது. கோயம்புத்தூரில் பார்க்கப்பட்ட நோயாளிகளின் முதுகிலிருந்து கிடைத்த இந்த உண்மை இன்று உலகப் பாடப்பொருள்.

பிதுங்கிய துண்டு பக்கத்தில் போகும் நரம்பை அழுத்தினால் அந்த நரம்பு போகும் வழியெல்லாம் வலிக்கும். பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்புறமாகக் கெண்டைக்காலுக்கு இறங்கி, பாதம்வரை சுரீரென்று இழுக்கும். இருமினாலும் தும்மினாலும் அதிகமாகும். அழுத்தம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. உட்கருவின் வேதிப்பொருள்கள் பட்டு நரம்பு வீங்குவதும் ஒரு காரணம். இடுப்பு டிஸ்க் பிதுக்கத்தில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் கடைசி இரண்டு இடங்களில்தான். மருத்துவர் "கட்டை விரலை மேலே தூக்குங்க ஐயா" என்று சொல்லித் தன் விரலால் அழுத்திப் பார்ப்பதும், குதிகாலை எழுப்பி நுனிக்காலில் நிற்கச் சொல்வதும், மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை நேராக உயர்த்திப் பார்ப்பதும் எந்த நரம்பு அடிபட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும், பைசா செலவில்லை. இதைச் செய்யாமல் ஸ்கேன் படத்தை மட்டும் விளக்கில் தூக்கிப் பார்த்து ஆபரேஷன் என்று சொன்னால், வேறொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பது நோயாளியின் உரிமை.

ஏனென்றால் எம்.ஆர்.ஐ. படம் ஆளைப் பயமுறுத்தும். 'எல்-4, எல்-5 பல்ஜ்' என்று அறிக்கையில் ஒரு வரி இருந்தால் போதும், குடும்பமே ஒடிந்துபோகிறது. 2015-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தது. இருபது வயதுக்காரர்களிலேயே 30 சதவீதத்தினருக்கு டிஸ்க் புடைப்பு இருந்தது, ஐம்பது வயதில் 60 சதவீதம், எண்பதில் 84. இவர்கள் யாருக்கும் வலி கிடையாது. கால் வலியும் சோதனையும் படமும் ஒரே நரம்பைக் காட்டினால்தான் படத்துக்கு மதிப்பு. வலது காலில் வலி, படத்தில் இடது பக்கம் பிதுக்கம் என்றால் அந்தப் படம் உங்கள் நோயைக் காட்டவில்லை.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பிதுங்கிய துண்டைப் பெரும்பாலும் உடம்பே கரைத்துவிடுகிறது. வெளியே வந்த உட்கருவை வேற்றுப் பொருளாக எண்ணி ரத்த அணுக்கள் அதைத் தின்றுவிடுகின்றன. முழுதாகப் பிய்ந்து விழுந்த பெரிய துண்டுகள்தான் விரைவில் கரைகின்றன என்பது வியப்பான செய்தி. நெதர்லாந்தில் கடுமையான கால்வலியோடு இருந்த 283 பேரை இரண்டாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2007-இல் வெளியானது. ஒரு பாதிக்கு உடனே அறுவை. மறுபாதிக்கு மருந்து, நடை, பயிற்சி. தாங்க முடியாவிட்டால் மட்டும் அறுவை. இரண்டாம் பாதியில் 39 சதவீதத்தினர் கடைசியில் அறுவைக்குப் போனார்கள். மற்றவர்கள் கத்தியே படாமல் தேறினார்கள். ஓராண்டு முடிவில் இரு தரப்பிலும் 95 சதவீதத்தினர் குணம். வேறுபாடு வேகத்தில்தான். அறுவை செய்துகொண்டவர்களுக்குப் பாதிப் பேர் தேற நான்கு வாரம் பிடித்தது. காத்திருந்தவர்களுக்குப் பன்னிரண்டு வாரம்.

இந்த எட்டு வார வித்தியாசம் தினக்கூலிக்குப் போகிறவருக்குச் சின்ன விஷயம் இல்லை. அரவைப் பருவத்தில் எட்டு வாரம் கூலி போனால் முன்பணம் வாங்கிய கணக்கு எப்படித் தீரும்? அதனால் காத்திருக்கலாம் என்று மேலிருந்து அறிவுரை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காத்திருந்தால் பெரும்பாலும் குணமாகும், அறுவை செய்தால் சீக்கிரம் குணமாகும் என்ற இரண்டையும் சொல்லி முடிவை நோயாளியிடம் விட வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வாரம் முறையாக வைத்தியம் பார்த்தும் கால்வலி தூங்கவிடாமல் படுத்துகிறது, படமும் சோதனையும் ஒத்துப்போகின்றன என்றால் அறுவை நியாயமான முடிவு. காலில் பலம் நாளுக்கு நாள் குறைந்து, செருப்பு தானாகக் கழன்று விழுகிறது என்றால் அவ்வளவு காலம் காத்திருக்கவும் கூடாது. கால்வலியே இல்லாமல் வெறும் இடுப்புவலிக்கு மட்டும் டிஸ்க் அறுவை செய்துகொண்டவர்கள் பெரும்பாலும் ஏமாந்துதான் போகிறார்கள்.

வயதானவர்களின் கதை வேறு. கொஞ்ச தூரம் நடந்ததும் இரண்டு காலும் கனத்து மரத்துப்போய், உட்கார்ந்தால் அல்லது முன்னால் குனிந்தால் சுகம் தெரிகிறது என்றால், நரம்புகள் போகும் குழாய் குறுகிவிட்டது என்று பொருள். மலைச்சரிவில் ஏறும்போது உடம்பு முன்சாய்வதால் வலி தெரியாது, இறங்கும்போது படுத்தும். இதற்கும் சிறு துளை வழி அறுவை உண்டு, பலனும் நல்லது.

காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைவு, படுத்தாலும் விடாத முதுகுவலி, நடுமுதுகில் ஒரு மேடு என்று இருந்தால் டிஸ்க்கை மறந்துவிட்டு முதலில் காசநோயைத் தேட வேண்டும். முதுகெலும்புக் காசநோய் நம் நாட்டில் இன்னும் இருக்கிறது. 1970-களில் சென்னையில் தொடங்கி நடத்தப்பட்ட ஆய்வுகளும், கால்கள் செயலிழக்காத நோயாளிகளில் மிகப் பெரும்பாலோரை மாத்திரையாலேயே, படுக்கையில் போடாமலேயே குணப்படுத்தலாம் என்று காட்டின. மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். இந்த அறிகுறிகள் உள்ளவரின் முதுகில் ஏறி மிதிப்பதும், சுளுக்கு எடுக்கிறேன் என்று முறுக்குவதும் இருக்கிற நரம்பையும் கெடுத்துவிடும்.

இனி அறுவைக்கு வருவோம். டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதால்தான் இந்தக் கால்வலி என்று பாஸ்டனைச் சேர்ந்த மிக்ஸ்டரும் பாரும் 1934-இல் எழுதினார்கள். அடுத்த நாற்பது ஆண்டுகள் முதுகைப் பெரிதாகத் திறந்து, தசைகளை எலும்பிலிருந்து சுரண்டி விலக்கித்தான் அறுவை நடந்தது. 1977-இல் காஸ்பரும் யாசர்கிலும் தனித்தனியே நுண்ணோக்கியைக் கொண்டுவந்தார்கள். வெட்டு சில சென்டிமீட்டராகச் சுருங்கியது. இன்று நம்மூர் மருத்துவமனைகள் பலவற்றிலும் நடப்பது இந்த மைக்ரோ முறைதான். 1997-இல் அமெரிக்காவின் ஃபோலியும் ஸ்மித்தும் குழாய் வழி முறையை அறிமுகம் செய்தார்கள்.

குழாய் முறை நடப்பது இப்படி. நோயாளி குப்புறப் படுத்திருப்பார். எக்ஸ்-ரே கருவியைத் திருப்பித் திருப்பி எந்த எலும்பு என்று உறுதி செய்வார்கள். நடுக்கோட்டிலிருந்து சற்றுத் தள்ளி இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு கீறல். அதன் வழியே முதலில் பென்சிலைவிட மெல்லிய ஒரு கம்பிக்குழல் தசைநார்களுக்கு நடுவே இறங்கி எலும்பைத் தொடும். அதன்மேல் அதைவிடச் சற்றுப் பருத்தது, அதன்மேல் இன்னொன்று என்று அடுத்தடுத்து இறக்குவார்கள். ஒவ்வொன்றும் தசையை வெட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கும். கடைசியில் 16 முதல் 22 மில்லிமீட்டர் விட்டமுள்ள வேலைக்குழாயை நிறுத்திவிட்டு உள்ளிருப்பவற்றை உருவிவிடுவார்கள். அந்தக் கிணற்றின் அடியில், நுண்ணோக்கி வெளிச்சத்தில், எலும்பின் ஓரம் சிறிது அராவப்படும். மஞ்சள் நிற இணைப்புநார்ப் படலத்தை விலக்கினால், இயல்பில் வெண்மையான நரம்பு வேர் தெரியும். அழுத்தத்தால் சிவந்து தட்டையாகியிருக்கும். அதை மெல்ல ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு அடியிலிருந்து நண்டுச் சதை போன்ற வெள்ளைத் துண்டை இடுக்கியால் உருவி எடுப்பார்கள். நரம்பு தளர்ந்து தன் இடத்துக்கு வரும். பலருக்கு மயக்கம் தெளிந்து எழும்போதே காலில் இழுப்பு விட்டிருக்கும். மரத்த உணர்வு மட்டும் திரும்பி வர மாதங்கள் ஆகலாம்.

எண்டோஸ்கோபி முறையில் துளை இன்னும் சிறியது, சுமார் எட்டு மில்லிமீட்டர். இடுப்பின் பக்கவாட்டிலிருந்து நரம்பு வெளிவரும் துவாரத்தின் வழியே கேமராவும் கருவியும் நுழையும். உப்புநீர் ஓடிக்கொண்டே இருக்கும். இதை அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தும் நடத்தலாம். கருவி நரம்பை உரசினால் விழித்திருக்கும் நோயாளி "கால்ல இழுக்குதுங்க டாக்டர்" என்று உடனே சொல்லிவிடுவார். அந்தச் சொல்லே நரம்புக்குக் காவல். இருதயக் கோளாறோ நுரையீரல் கோளாறோ உள்ளவர்களுக்கு இது பெரிய வரம். இந்த முறைகளில் பெரும்பாலானவற்றில் லேசருக்கு வேலையே கிடையாது. விளம்பரத்தில் லேசர் என்று போட்டிருந்தால், அது எதற்கு, எந்த வேலைக்கு என்று கேளுங்கள்.

துளை சிறியதானால் பலன் பெரிதா? 2009-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்று 328 பேரிடம் குழாய் முறையையும் வழக்கமான மைக்ரோ முறையையும் ஒப்பிட்டது. ஓராண்டு முடிவில் குழாய் முறை எந்த விதத்திலும் மேலாக இல்லை. கால்வலி, முதுகுவலிக் கணக்கில் பழைய முறையே ஒரு நூலிழை முந்தியிருந்தது. 2022-இல் அதே நாட்டில் 613 பேரிடம் எண்டோஸ்கோபியை மைக்ரோ முறையோடு ஒப்பிட்டபோது எண்டோஸ்கோபி சளைக்கவில்லை, சிறிது முந்தவும் செய்தது. இவற்றைச் சேர்த்துப் படித்தால் எனக்குத் தெளிவாகத் தெரிவது ஒன்று: டிஸ்க் பிதுக்கத்துக்கு எந்த முறையில் செய்தாலும், சரியான ஆளுக்குச் சரியான இடத்தில் பழகிய கை செய்தால் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். சிறு துளையால் ரத்த இழப்பும் மருத்துவமனை நாட்களும் குறைகின்றன, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். அதற்காக இரண்டு மடங்கு பணம் கட்டி, நிலத்தை அடகு வைக்க வேண்டியதில்லை. பக்கத்து அரசு மருத்துவமனையில் அனுபவமுள்ளவர் மைக்ரோ முறையில் செய்வதாகச் சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஆபத்துகளும் துளையின் அளவைப் பார்த்து வருவதில்லை. நரம்பு உறை கிழிந்து திரவம் கசியலாம். கிருமித்தொற்று வரலாம். அரிதாக நரம்பு காயப்படலாம். நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு அதே இடத்தில் மறுபடி பிதுங்கலாம், ஏனென்றால் பிய்ந்த துண்டு எடுக்கப்படுகிறதே தவிர அது வெளிவந்த கிழிசல் தைக்கப்படுவதில்லை. குழாய்க்குள்ளும் கேமராவிலும் வேலை செய்யக் கை பழகுவதற்குக் காலம் எடுக்கும். ஆகவே "இந்த முறையில நீங்க எத்தனை பேருக்குச் செஞ்சிருக்கீங்க டாக்டர்?" என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நல்ல மருத்துவர் அந்தக் கேள்வியை மதிப்பார். எந்த நரம்பு, எந்தப் பக்கம், செய்யாவிட்டால் என்ன ஆகும், உள்ளே பார்த்துவிட்டுப் பெரிதாகத் திறக்க வேண்டி வந்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள். முதல் தடவை வந்த சாதாரண டிஸ்க் பிதுக்கத்துக்குத் திருகும் கம்பியும் தேவைப்படுவது அரிது. எலும்பு நழுவியிருந்தால், முறிந்திருந்தால், நோயால் அரிக்கப்பட்டிருந்தால் அவை வேண்டும். திருகு வைக்க வேண்டும் என்று சொன்னால் அதற்கான காரணத்தைப் படத்தில் காட்டச் சொல்லுங்கள்.

சரி, எங்கே காட்டுவது? கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது. முதலில் அங்கே எலும்பியல் பிரிவில் காட்டலாம். மேல்சிகிச்சைக்குச் சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி, விழுப்புரம் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி ஜிப்மர் என்று வழிகள் உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லாத குடும்பம் வலி வரும்வரை காத்திருக்காமல் இப்போதே எடுத்துவைக்க வேண்டும். அறுவைக்கு நாள் குறிக்கும் முன், அந்த அறுவை அந்த மருத்துவமனையில் திட்டத்துக்குள் வருகிறதா என்று காப்பீட்டு உதவி மேசையில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அறுவைக்குப் பிறகுதான் குடும்பத்தின் பொறுப்பு தொடங்குகிறது. அன்றோ மறுநாளோ நடக்கலாம், நடக்கத்தான் வேண்டும். ஆனால் தோலில் தழும்பு சிறிதாக இருப்பதைப் பார்த்து, உள்ளேயும் ஆறிவிட்டது என்று நினைத்து மூன்றாம் வாரமே கரும்புக் கட்டைத் தூக்கியவர்கள் மறுபடி ஆபரேஷன் அறைக்கு வருகிறார்கள். முதல் ஆறு வாரம் பாரம் தூக்குவதும் குனிந்து திருகுவதும் வேண்டாம். அதன் பிறகும் மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை வெட்டுக்குப் போகக் கூடாது. வயிற்றுத் தசையையும் முதுகுத் தசையையும் பலப்படுத்தும் பயிற்சியை இயன்முறை மருத்துவரிடம் கற்றுக்கொள்ள வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி இயன்முறை மருத்துவம் வருவதும் உண்டு. மலைக் கிராமத்தில் இருப்பவர்கள் சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். ஆள் சேர்க்கும் மேஸ்திரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். முன்பணக் கணக்கைச் சொல்லி இவர்களை அவசரப்படுத்தாதீர்கள். மூன்று மாதம் சோகை உரிக்கிற வேலையோ கணக்கு எழுதுகிற வேலையோ கொடுத்தால், ஒரு நல்ல வெட்டாள் உங்களுக்குப் பல பருவத்துக்கு மிஞ்சுவார்.

கடைசியாக, எதற்கும் காத்திருக்கக் கூடாத ஒரு நிலை இருக்கிறது. முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் நரம்புகள் குதிரைவால் போலக் கற்றையாக இறங்குகின்றன. பெரிய துண்டு ஒன்று அந்தக் கற்றை முழுவதையும் நசுக்கினால் சிறுநீர் முட்டியும் வராது, அல்லது தெரியாமலே போய்விடும். மலம் கழிப்பதும் தெரியாது. பிறப்புறுப்பைச் சுற்றியும் தொடையின் உட்புறத்திலும் மரத்துப்போகும். இரண்டு காலும் துவளும். சொல்லக் கூச்சப்பட்டுப் பெண்கள் மறைத்துவிடுகிறார்கள். இது வந்தால் 48 மணி நேரத்துக்குள் அழுத்தத்தை நீக்கிவிட வேண்டும், எவ்வளவு முந்தினாலும் நல்லது. தாமதித்தால் ஆயுசுக்கும் சிறுநீர்க் குழாயோடு வாழ நேரிடலாம். கல்வராயன் மலையிலிருந்து கோமுகி அணை வழியாக வளைந்து இறங்கிக் கள்ளக்குறிச்சி சேர்ந்து, அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்குப் போகும் நேரமும் இந்த 48-க்குள்தான் அடங்க வேண்டும். ராத்திரி இந்த அறிகுறி தெரிந்தால் விடியட்டும், காலை பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று இருக்காதீர்கள். அப்போதே 108-ஐக் கூப்பிட்டு, சிறுநீர் நின்றுவிட்டது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.